காஸ்மாஸ் 954: கனடாவின் பனிவெளியில் விழுந்த அணு உலை – ஒரு நிகழ்வு ஆய்வு

1978 ஜனவரி 24 அன்று, கனடாவின் வடமேற்குப் பகுதியில் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையிலுள்ள யெல்லோநைஃப் நகரம் இன்னும் இருளில் கிடந்தது. அந்தக் கடுங்குளிர்கால விடியற்காலையில் வேலை நிமித்தம் விழித்திருந்த ஒரு சிலர், எரியும் பொருள் ஒன்று வால் நீட்டி, உதிரிகளைச் சிந்திக்கொண்டே வானத்தின் குறுக்கே வடகிழக்கு நோக்கிச் செல்வதைக் கண்டார்கள். அது விண்கல் அன்று. முந்தைய ஆண்டு செப்டம்பர் 18 அன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோவியத் ஒன்றியம் செலுத்திய காஸ்மாஸ் 954 என்னும் செயற்கைக்கோள் அது. அதன் உடலில், சுமார் 30 கிலோகிராம் செறிவூட்டிய யுரேனியத்தை எரிபொருளாகக் கொண்ட ஓர் அணு உலை பொருத்தப்பட்டிருந்தது.

சோவியத் செயற்கைக்கோள் கனடாவில் விழுந்தது, சோவியத் அரசு பணம் கொடுத்தது என்று இரண்டே வாக்கியங்களில் இந்நிகழ்வைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், நடந்தது ஒரு தனிப் பழுதின் கதை அன்று என்பது புலப்படும். எந்தப் பொறியும் பழுதாகும். பழுது நேர்ந்தால் அணு உலையை என்ன செய்வது என்பதற்கான ஏற்பாடே, பழுதாகாத ஒரு செயற்கைக்கோளை நம்பி வகுக்கப்பட்டிருந்ததுதான் இங்கே அடிப்படைப் பிழை. அதோடு, அந்தப் பொறி எதற்காகப் பறந்தது, அதற்குள் என்ன இருந்தது என்பவை மறைக்கப்பட்டிருந்ததால், அதைப் பனியில் தேடியவர்கள் அதன் உள்ளடக்கத்தைத் தங்கள் கருவிகளின் வழியாகவே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரே பெயருக்குள் அறிவியலும் போரும்

'காஸ்மாஸ்' என்பது ஒரு தனி வகைச் செயற்கைக்கோளின் பெயர் அன்று. 1962 மார்ச் 16 அன்று காஸ்மாஸ் 1 ஏவப்பட்டது முதல், மேல்வளிமண்டலத்தை அளக்கும் சிறு அறிவியல் கோள்கள், படம் பிடிக்கும் உளவுக் கோள்கள், இலக்கை எட்டத் தவறிய கோள் ஆய்வுக் கலங்கள் என எல்லாமே இந்தத் தொடர் எண்ணிக்கைக்குள் சேர்க்கப்பட்டன. 1972-இல் வெள்ளிக் கோளுக்குப் புறப்பட்டுப் புவியின் பிடியிலிருந்து விடுபட முடியாமல்போன கலம் காஸ்மாஸ் 482 ஆயிற்று; அது 2025 மே மாதம்தான் பூமியில் விழுந்தது. 1977 ஆகஸ்டில் ஏவப்பட்ட காஸ்மாஸ் 936 எலிகளைச் சுமந்து சென்றது. அவற்றுள் சிலவற்றைச் சுழலும் கருவியில் வைத்துச் செயற்கை ஈர்ப்பின் விளைவை ஆராய்ந்தார்கள். அமெரிக்க விஞ்ஞானிகளும் அதில் தங்கள் சோதனைகளைச் சேர்த்திருந்தார்கள். உயிரியல் அறிவுக்கு உண்மையாகவே பயன்பட்ட பயணம் அது. அடுத்த ஆறு, ஏழு வாரங்களில் அதே பெயரோடு, வரிசையில் பதினெட்டு எண்கள் தள்ளி, அமெரிக்கக் கடற்படையைக் கண்காணிக்கும் கோள் மேலே போயிற்று.

ஒவ்வொரு ஏவுதலின்போதும் டாஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பு ஏறக்குறைய ஒரே வாசகமாகவே இருக்கும்: விண்வெளி ஆய்வைத் தொடர்வதற்காக மேலும் ஒரு செயற்கைக்கோள் ஏவப்பட்டது, அதன் சுற்றுக்காலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, சாய்வு இவ்வளவு. இந்த மூன்று எண்களை வைத்துத்தான் வெளிநாட்டு வல்லுநர்கள் எது அறிவியல் கோள், எது படைத்துறைக் கோள் என்று ஊகித்தார்கள். பொதுமக்களுக்கோ, அந்தப் பாதையின் கீழே வாழ்ந்த பிற நாட்டு அரசுகளுக்கோ அதற்கு மேல் எதுவும் சொல்லப்படவில்லை. அறிவியலின் பெயரை இப்படிப் போர்வையாகப் பயன்படுத்தியது உண்மையான அறிவியல் கோள்களுக்கும் செய்த அநீதி என்றே நான் கருதுகிறேன். காஸ்மாஸ் 936-ஐ உருவாக்கியவர்கள் மறைக்க வேண்டிய எதையும் மேலே அனுப்பவில்லை.

அணு உலை எதற்கு?

சோவியத் கடற்படைக்கு அன்று பெருங்கவலையாக இருந்தவை அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள். அவற்றை எதிர்க்க நீண்டதூரக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகளை அது உருவாக்கிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிச் சுட வேண்டுமானால், அடிவானத்துக்கு அப்பால் நகர்ந்துகொண்டேயிருக்கும் கப்பல் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதற்காக எழுந்ததுதான் 'லெகெண்டா' என்னும் கடல் வேவு அமைப்பு. அதில் இரண்டு வகைக் கோள்கள் இருந்தன. ஒன்று கப்பல்கள் வெளியிடும் ரேடியோ அலைகளை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது. மற்றது தானே ரேடார் அலையை அனுப்பி, கடல்மேல் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு கப்பலைக் கண்டுபிடிப்பது. காஸ்மாஸ் 954 இந்த இரண்டாம் வகை. ரேடாரின் குறை நிறைகளை இங்கே புரிந்துகொள்ளாமல் அணு உலையின் தேவையைப் புரிந்துகொள்ள முடியாது.

ரேடார் அலை போவதும் வருவதுமாக இரு முறை தூரத்தைக் கடப்பதால், திரும்பி வரும் அலையின் வலிமை தூரத்தின் நான்காம் அடுக்குக்கேற்பக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அதே பலனைப் பெறப் பதினாறு மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே கோள் தாழ்வாகப் பறந்தாக வேண்டும். சுமார் 250 கிலோமீட்டர் உயரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த உயரத்தில் வளிமண்டலம் முற்றிலும் இல்லாமல் போவதில்லை. ரேடாருக்குத் தேவையான மின்சாரத்தைத் தரக்கூடிய அகன்ற சூரியத் தகடுகளை விரித்தால் அவை பாய்மரம் போலக் காற்றை வாங்கிக் கோளைக் கீழே இழுத்துவிடும். மேலும் ஒவ்வொரு சுற்றிலும் கணிசமான நேரம் கோள் பூமியின் நிழலில் இருக்கும். தாழ்வாகப் பறக்க வேண்டும், மெலிந்த உடலோடு பறக்க வேண்டும், இரவும் பகலும் மின்சாரம் வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளையும் சேர்த்து நிறைவேற்றியது அணு உலை மட்டுமே. பொறியியல் கணக்காக மட்டும் பார்த்தால் அந்த முடிவில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விரைவில் கீழே விழக்கூடிய உயரத்தில்தான் அந்த உலை இயங்கியாக வேண்டும் என்பதும் அதே கணக்கிலிருந்தே பிறக்கிறது.

பி.இ.எஸ். 5 என்னும் அந்த உலைக்கு 'பூக்' என்ற பெயரும் உண்டு. அதன் உள்ளகத்தில் 37 எரிபொருள் கம்பிகள் இருந்தன. யுரேனியம் 235 தொண்ணூறு விழுக்காடு வரை செறிவூட்டப்பட்டிருந்தது. சுற்றிலும் நியூட்ரான்களை உள்ளே திருப்பியனுப்பும் பெரிலியம் உறை இருந்தது. சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகம் வெப்பத்தைக் கடத்தியது. சுமார் 100 கிலோவாட் வெப்பத்திலிருந்து வெப்பமின் மாற்றிகள் எடுத்துக்கொடுத்த மின்சாரம் ஏறக்குறைய 3 கிலோவாட் மட்டுமே. நம் வீட்டுக் குளியலறைக் கீசர் ஒன்றிரண்டு இழுக்கும் மின்சாரம்தான் அது. அந்த மூன்று கிலோவாட்டுக்காகத்தான் முப்பது கிலோ யுரேனியம் மேலே போனது.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏவப்படும்போது இந்த உலை பெரிதாக ஆபத்தானது அன்று; இயக்கப்படாத யுரேனியம் 235-இன் கதிரியக்கம் மிகக் குறைவு. உலை இயங்கத் தொடங்கிய பிறகுதான் யுரேனிய அணுக்கள் பிளவுபடும்போது உண்டாகும் ஸ்ட்ரோன்ஷியம் 90, சீசியம் 137 போன்ற கதிரியக்கப் பிளவுப் பொருள்கள் அதற்குள் சேரத் தொடங்கும். இவற்றின் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 30 ஆண்டுகள். முந்நூறு ஆண்டுகள் கழிந்தால் இவற்றின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே பணி முடிந்ததும் உலைப் பகுதியைக் கோளிலிருந்து பிரித்து, அதனுடன் இணைந்த தனி உந்துபொறியால் 900 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏற்றிவிட்டால், பல நூறு ஆண்டுகள் அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கீழே வரும் காலத்தில் நஞ்சின் பெரும்பகுதி அடங்கியிருக்கும். சோவியத் பொறியாளர்கள் வகுத்த பாதுகாப்பு முறை இதுதான். தன்னளவில் அது அறிவார்ந்த முறை. ஆனால் அது பலிக்க வேண்டுமானால் கோள் சரியான திசையில் நிலைநிறுத்தப்பட்டிருக்க வேண்டும், கட்டளையைக் கேட்க வேண்டும், உந்துபொறி எரிய வேண்டும். கோள் செத்துவிட்டால், அதைக் காப்பாற்ற வேண்டிய வழியும் அதனோடே செத்துவிடும்.

கோள் கட்டுப்பாட்டை இழந்தது

இவ்வகைக் கோள்கள் இணையாகப் பறப்பது வழக்கம். காஸ்மாஸ் 954-க்கு இரண்டு நாள் முன்னதாக ஏவப்பட்ட காஸ்மாஸ் 952 தன் பணியை முடித்ததும் அதன் உலை உயரே ஏற்றப்பட்டுவிட்டது. 954-இன் பாதையோ தாழ்ந்துகொண்டே வந்தது. தாழ்வான பாதையில் பறக்கும் கோள், காற்றின் இழுப்பை ஈடுசெய்ய அவ்வப்போது தன் சிறு பொறிகளை இயக்கிக்கொள்ள வேண்டும். அந்த அசைவுகள் சீராக நிகழவில்லை என்பதை வட அமெரிக்க வான்பாதுகாப்புக் கட்டளையகமான நோராட் 1977-இன் கடைசி வாரங்களிலேயே கவனித்துவிட்டது. 1978 ஜனவரி 6 அன்று கோள் தன் நிலையை அடியோடு இழந்தது. அன்று அதன் உள்ளறை திடீரென அழுத்தம் இழந்ததாகச் சோவியத் தரப்பு பின்னர் கூறியது.

ஜனவரி 12 அன்று அமெரிக்க அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஸ்பிக்னியெவ் பிரஜின்ஸ்கி, வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் அனத்தோலி தொப்ரினினை அழைத்து நேரடியாகக் கேட்டார். உலை வெடிக்காது, வளிமண்டலத்தில் நுழையும்போது சிதைந்து எரிந்துபோகும் வகையில் அமைக்கப்பட்டது என்ற வகையில் பதில்கள் வந்தன. அமெரிக்கா இதைத் தன் நெருங்கிய நட்பு நாடுகளுக்கு மட்டும் கமுக்கமாகத் தெரிவித்துவிட்டு, மக்கள் பீதியடையக் கூடாது என்ற காரணத்தால் வெளியில் சொல்லாமல் இருந்தது. மறைத்தவர்கள் சோவியத் தரப்பினர் மட்டுமே என்று எழுதுவது நேர்மையாகாது. ஏறத்தாழ இரண்டு வாரங்கள், அணு உலை ஒன்று கட்டுப்பாடில்லாமல் விழப் போகிறது என்பது இரு வல்லரசுகளுக்கும் தெரிந்திருந்தது; அதன் பாதைக்குக் கீழே இருந்த மக்களுக்குத் தெரியாது. அந்தப் பாதையின் சாய்வு 65 பாகை. அதாவது வடக்கே 65 பாகை முதல் தெற்கே 65 பாகை வரை, மாஸ்கோ, நியூயார்க், சென்னை, கொழும்பு உட்பட, மனித இனத்தின் மிகப் பெரும்பகுதி வாழும் நிலம் முழுவதும் அதற்குள் அடக்கம்.

ஜனவரி 24 அன்று கனடாவின் மேற்குக் கரையோரத் தீவுகளுக்கு மேலாக வளிமண்டலத்துக்குள் நுழைந்த கோள், வடகிழக்காகச் சென்று கிரேட் ஸ்லேவ் ஏரிக்கும் பேக்கர் லேக் என்ற ஊருக்கும் இடைப்பட்ட சுமார் 600 கிலோமீட்டர் நீளத்தில் சிதறியது. சில நிமிடங்களில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், கனடாப் பிரதமர் பியேர் ட்ரூடோவைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னார். கோளை ஏவிய நாட்டிடமிருந்து அந்த அழைப்பு வரவில்லை என்பதைக் கனடா மறக்கவில்லை.

பனியில் தேடல்

'காலை ஒளி நடவடிக்கை' என்று பெயரிடப்பட்ட தேடல் அன்றே தொடங்கியது. கனடாவின் படையினர், அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரியத்தினர், புவியியல் ஆய்வுத் துறையினர் ஆகியோரோடு அமெரிக்காவின் அணு அவசரத் தேடல் குழுவும் சேர்ந்துகொண்டது. எட்மன்டன் விமானப்படைத் தளம் தலைமையிடமாயிற்று. யெல்லோநைஃபும் பேக்கர் லேக்கும் முன்னணித் தளங்கள். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை வரை இறங்கும் பருவம். பகல் வெளிச்சம் சில மணி நேரமே கிடைக்கும். மரம் அரிதான, சாலை என்பதே இல்லாத நிலம்.

ஹெர்குலிஸ் விமானங்களில் சோடியம் அயோடைடு படிகங்கள் நிறைந்த பெட்டிகளை ஏற்றி, இணைகோடுகளாகத் திரும்பத் திரும்பப் பறந்தார்கள். காமா கதிர் பட்டதும் அந்தப் படிகம் மினுங்கும். மினுக்கின் வலிமை கதிரின் ஆற்றலைச் சொல்லும். கேட்பதற்கு எளிது. ஆனால் கனடாவின் அந்த வட நிலம் மிகப் பழைய கருங்கல் பாறை. பாறைக்குள் இயல்பாகவே யுரேனியம், தோரியம், பொட்டாசியம் 40 ஆகியவை உண்டு. பனிக்கு வெளியே தலை நீட்டிய ஒவ்வொரு பாறை முகட்டின் மேலும் கருவி துள்ளியது. வெறும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள் பாறையைத் துரத்திப் போனார்கள். கதிரின் ஆற்றலை வகை பிரித்துப் பார்த்தால் மட்டுமே, இது காலங்காலமாக அங்கே கிடக்கும் தோரியம், இது சில வாரங்களுக்கு முன் ஓர் உலைக்குள் பிறந்த பிளவுப் பொருள் என்று சொல்ல முடியும். தாதுக்களைத் தேடுவதற்கென்றே கனடாவின் புவியியல் ஆய்வுத் துறை உருவாக்கி வைத்திருந்த நிறமாலைக் கருவி இங்கே கைகொடுத்தது. விழுந்த இரண்டாம் நாளான ஜனவரி 26 இரவில், கிரேட் ஸ்லேவ் ஏரியின் கிழக்குக் கையான மக்லியோட் விரிகுடாப் பகுதியில் முதல் உறுதியான தடயத்தைக் கொடுத்தது அந்தக் கருவிதான். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றும் இடம் இதுவே. கனிமத்துக்காகத் தம் நிலத்தைப் பல ஆண்டுகள் பொறுமையாக அளந்து பழகியவர்கள், அந்நிலத்துக்கு உரியதல்லாத ஒன்று வந்து விழுந்ததும் அதை இனங்கண்டுகொண்டார்கள்.

முதல் பெரிய துண்டைக் கண்ணால் கண்டவர்கள் தேடும் குழுவினர் அல்லர். தெலோன் ஆற்றோரம் வார்டன்ஸ் குரோவ் என்ற இடத்தில் ஒரு மரக்குடிலில் ஆறு இளைஞர்கள் அந்தக் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 28 அன்று அவர்களுள் இருவர் நாய்ச்சறுக்கு வண்டியில் போய்க்கொண்டிருக்கையில், உறைந்த ஆற்றின் மேல் ஒரு பள்ளத்தையும், அதிலிருந்து மான்கொம்புபோல் கிளைத்து நீண்ட கருகிய உலோகக் கம்பிகளையும் கண்டார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் கையுறையோடு தொட்டும் பார்த்தார். அணு உலையோடு ஒரு கோள் விழுந்திருக்கிறது என்ற செய்தி, குடிலுக்குத் திரும்பிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அவர்களை விமானத்தில் அழைத்துச் சென்று சோதித்தார்கள், தீங்கு நேரவில்லை. தேடலில் ஈடுபட்டோர் அந்தத் துண்டுக்கு 'கொம்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர்கள் தொட்டது அந்தத் துண்டாக இருந்தது நற்பேறு. மீட்கப்பட்ட பெரிய துண்டுகள் பன்னிரண்டு. அவற்றுள் ஒன்று மணிக்கு 500 ரோன்ட்ஜென் அளவுக்குக் கதிர்வீசியது. அதைச் சில மணி நேரம் உடலோடு வைத்திருப்பவர் உயிர் பிழைக்க மாட்டார். பெரிலியம் உருளைகளும் கம்பிகளும் ஏரிப் பனியிலிருந்து கிடைத்தன. ஹெலிகாப்டர் தாழப் பறந்து இடத்தைக் குறிக்கும். பிறகு ஓரிருவர் இறங்கி, கையில் கருவியோடு பனியைச் சுற்றிச் சுற்றி வந்து, நீண்ட இடுக்கியால் துண்டை எடுத்து ஈயப் பெட்டியில் இடுவார்கள். திரட்டியவை மனிடோபாவிலுள்ள வைட்ஷெல் அணு ஆய்வு மையத்துக்கு அனுப்பப்பட்டன. பகுப்பாய்வு தொடங்கிய பிறகுதான், உலையின் எரிபொருளும் அமைப்பும் எத்தகையவை என்பது கனடாவுக்குத் தெளிவாகத் தெரியவந்தது.

பெரிய துண்டுகளைவிடத் தொல்லை கொடுத்தவை நுண்துகள்கள். எரிந்து உருகிய எரிபொருளின் ஒரு பகுதி, மிளகைவிடச் சிறிய, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துகள்களாக இறுகி, காற்றோடு தெற்கே நகர்ந்து, முதலில் தேடிய கோட்டுக்கு வெகு தொலைவில், ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன் மாநிலங்களின் வடபகுதி வரை பரவியது. ஸ்னோடிரிஃப்ட், ஃபோர்ட் ரெசல்யூஷன் போன்ற டெனே பழங்குடி மக்களின் ஊர்களில் தெருவிலும் வீட்டு வாசலிலும் கருவியோடு நடந்து அவற்றைத் தேடினார்கள். அங்கே மக்கள் முன்வைத்த கேள்வி மிக நேரடியானது. கரிபூ மான் பனிக்கடியிலுள்ள பாசியை மேய்கிறது, அந்த மானைத்தான் நாங்கள் உண்கிறோம், இனி அதை உண்ணலாமா? காற்று, குடிநீர், உணவு ஆகியவற்றின் மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் மாசு காணப்படவில்லை என்று அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத ஓர் ஆபத்தைப் பற்றிய சொல்லை, வானூர்தியில் வந்து இறங்கி இரண்டு நாளில் திரும்பிப்போகும் அதிகாரியின் வாயிலிருந்து கேட்டு நம்புவது வேட்டையை நம்பி வாழும் ஒரு சமூகத்துக்கு எளிதன்று. இந்த நிகழ்வு பற்றிய எழுத்துகளில் ஹெர்குலிஸ் விமானங்களுக்குக் கிடைத்த இடத்தில் சிறு பங்குகூட இவர்களுக்குக் கிடைத்ததில்லை.

பனி உருகினால் ஏரிமேல் கிடப்பதெல்லாம் மூழ்கிவிடும் என்ற அவசரத்தோடு நடந்த முதற்கட்டம் ஏப்ரல் 20 அன்று முடிந்தது. இரண்டாம் கட்டம் அக்டோபர் 15 வரை நீண்டது. மொத்தம் சுமார் 1,24,000 சதுர கிலோமீட்டர் தேடப்பட்டது. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்தால் அதன் அளவு விளங்கும். இவ்வளவுக்குப் பிறகும் கைக்குக் கிடைத்தது எரிபொருளில் நூற்றில் ஒரு பங்குக்கு மேற்படாது. எஞ்சியதில் ஒரு பகுதி மேல்வளிமண்டலத்தில் மென்தூளாகக் கரைந்தது. மற்றது இன்னும் அந்த நிலத்திலும் ஏரி அடியிலும் இருக்கிறது.

ஆறு மில்லியன் கேட்டு மூன்று மில்லியன்

1972-ஆம் ஆண்டின் விண்வெளிப் பொறுப்பு உடன்படிக்கையின் இரண்டாம் விதி தெளிவானது. விண்பொருள் பூமியின் மேற்பரப்பில் சேதம் விளைவித்தால், தவறு யாருடையது என்று நிறுவ வேண்டிய தேவையே இல்லாமல், ஏவிய நாடு முழுப் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் 'சேதம்' என்றால் என்ன? உயிரிழப்பு, உடற்காயம், உடல்நலக் கேடு, சொத்திழப்பு என்று முதல் விதி வரையறுக்கிறது. கனடாவில் யாரும் இறக்கவில்லை, ஒரு கூரைகூட உடையவில்லை. செலவானதெல்லாம் தேடுவதற்கும் அகற்றுவதற்கும்தான். தேடும் செலவு சேதமாகுமா என்பதே வழக்கின் உயிர்நாடி.

1979 ஜனவரி 23 அன்று கனடா தன் கோரிக்கையை முன்வைத்தது. கதிரியக்கச் சிதறல்கள் பெரும் நிலப்பரப்பில் படிந்து, அந்நிலத்தின் ஒரு பகுதியைப் பயன்படுத்தத் தகாததாக்கியதே சொத்துக்கு நேர்ந்த சேதம். ஓர் அரசின் நிலத்துக்குள் இத்தகைய பொருள் புகுந்ததே அதன் இறையாண்மையை மீறிய செயல். முன்கூட்டி எச்சரிக்கவும் இல்லை, விழுந்த அன்றே நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு உரிய நேரத்தில் முழுப் பதிலும் தரவில்லை என்று அது வாதிட்டது. இறுதியாகச் சொன்ன குற்றச்சாட்டில் பெரும் நியாயம் உண்டு. எரிபொருள் என்ன, உறை என்ன என்பது முதல் நாளே தெரிந்திருந்தால், எந்தக் கதிரைத் தேடுவது, எவ்வளவு துண்டுகளை எதிர்பார்ப்பது என்பதும் முதல் நாளே தெரிந்திருக்கும். சோவியத் தரப்பு தேடலுக்குத் தன் வல்லுநர்களை அனுப்ப முன்வந்தது. கனடா அதை ஏற்கவில்லை. தகவல் கேட்டவர்களிடம் ஆட்களை அனுப்புகிறேன் என்பது பதிலாகாதுதான்.

கனடாவுக்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் கனடிய டாலர். ஆனால் விழுந்தாலும் விழாவிட்டாலும் எப்படியும் ஆகியிருக்கும் செலவுகளைக் கழித்துவிட்டு, இந்நிகழ்வால் மட்டுமே நேர்ந்த 60,41,174.70 டாலரை மட்டும் கோரியது. கணக்கைச் சில்லறை வரை நேர்மையாகக் காட்டிய இந்தக் கட்டுப்பாடு கனடாவின் வாதத்துக்கு வலுச்சேர்த்தது. 1981 ஏப்ரல் 2 அன்று மாஸ்கோவில் ஒரு சிறு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காஸ்மாஸ் 954 தொடர்பான எல்லா விவகாரங்களுக்கும் முழுமையான, இறுதியான தீர்வாகச் சோவியத் அரசு 30 லட்சம் கனடிய டாலர் கொடுக்கும் என்றது அது. பொறுப்பை ஏற்பதாக ஒரு வரி அதில் இல்லை. தேடும் செலவு சேதமா என்ற கேள்விக்கும் விடை இல்லை. அந்த உடன்படிக்கையின் கீழ் ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் இழப்பீடு கோரிய ஒரே நிகழ்வாக இன்றும் சொல்லப்படுவது இதுதான். 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலேப் மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறியபோது ஆஸ்திரேலியா கோரிக்கை எதையும் எழுப்பவில்லை. ஆகவே மிக முக்கியமான அந்தச் சட்டக் கேள்வியை எந்தத் தீர்ப்பாயமும் இதுவரை எடுத்துப் பேசவில்லை.

திருத்தமும் அதன் விளைவும்

விழுந்து ஒரு வாரத்துக்குள்ளாகவே, புவியைச் சுற்றும் அணு உலைகளைத் தடைசெய்யலாம் என்று கார்ட்டர் முன்மொழிந்தார். அமெரிக்காவுக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை. அது 1965-இல் ஏவிய ஸ்னாப் 10ஏ ஒன்றுதான் அதன் ஒரே விண்வெளி உலை. ஆனால் அமெரிக்காவும் இதற்கு முன் பாடம் படித்திருந்தது. 1964 ஏப்ரலில் சுற்றுப்பாதையை எட்டாமல் விழுந்த அதன் வழிகாட்டிக் கோளிலிருந்த புளூட்டோனியம் மின்கலம் வளிமண்டலத்தில் எரிந்து உலகெங்கும் பரவியது. அதன் பிறகு, எரிந்து சிதறட்டும் என்ற கொள்கையை விட்டு, விழுந்தாலும் உடையாத உறை என்ற கொள்கைக்கு அது மாறியது.

சோவியத் தரப்பு மாறிய திசை வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இவ்வகைக் கோள்களை நிறுத்திவைத்து, 1980 ஏப்ரலில் மீண்டும் ஏவியபோது, உலையின் உள்ளகத்தை உறையிலிருந்து வெளியே தள்ளிவிடும் இரண்டாவது ஏற்பாடு சேர்க்கப்பட்டிருந்தது. உயரே ஏற்ற முடியாமல் போனால், உறை இல்லாத எரிபொருள் வளிமண்டலத்தில் முழுவதும் எரிந்து நுண்தூளாகிவிடும் என்பது எண்ணம். 1982 டிசம்பரில் காஸ்மாஸ் 1402-இன் உலை உயரே ஏறத் தவறியது. இந்த ஏற்பாடு செயல்பட்டது. கோளின் உடல் 1983 ஜனவரி 23 அன்று இந்தியப் பெருங்கடலிலும், உள்ளகம் பிப்ரவரி 7 அன்று தென் அட்லாண்டிக்கின் மேலும் விழுந்தன. 1988-இல் காஸ்மாஸ் 1900 பல மாதங்கள் பேச்சற்றுக் கிடந்து, அதன் தானியங்கி அமைப்பு செப்டம்பர் இறுதியில், விழுவதற்குச் சில நாள் முன்பு, தானே விழித்து உலையை மேலே தள்ளியது. 954-இல் இல்லாதிருந்தது இத்தகைய ஓர் ஏற்பாடுதான்; தரையிலிருந்து கட்டளை வராவிட்டாலும் செயல்படக்கூடியது. இவ்வகையில் கடைசிக் கோள் 1988 மார்ச்சில் ஏவப்பட்டது. 1992 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை, விண்வெளியில் அணுசக்தி மூலங்கள் பற்றிய நெறிகளை ஏற்றுக்கொண்டது. ஏவுவதற்கு முன் பாதுகாப்பு மதிப்பீட்டை வெளியிடுவது, விழும் நிலை வந்தால் உரிய நேரத்தில் அறிவிப்பது, கேட்கும் தகவலைத் தருவது என்று அதில் எழுதப்பட்டவற்றை, கனடாவின் 1979 கோரிக்கையை அருகில் வைத்துக்கொண்டு படித்தால், எந்தக் குறையிலிருந்து எந்த நெறி பிறந்தது என்பதை விரல்வைத்துக் காட்டலாம். அவை நெறிகள்தாம், கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல.

அந்த இரண்டாவது ஏற்பாட்டுக்கு இன்னொரு பின்விளைவும் உண்டு. 1980-க்குப் பிறகு, உலை வெற்றிகரமாக உயரே ஏறிய கோள்களிலும் உள்ளகம் வெளியே தள்ளப்பட்டது. அப்படித் தள்ளும்போது குளிர்விக்கும் குழாய்ச் சுற்று திறந்துகொள்ள, உள்ளே இருந்த சோடியம் – பொட்டாசியத் திரவம் சொட்டுச் சொட்டாக விண்வெளியில் கசிந்தது. 1990-களில் அமெரிக்காவின் ஹேஸ்டாக் ரேடார் 900 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, எந்த வெடிப்பாலும் விளக்க முடியாத, பளபளப்பான கோள வடிவச் சிறு துளிகளின் பெருங்கூட்டத்தைக் கண்டபோது, அவை இந்த உலைகளின் குளிர்விப்பானே என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். துளிகளில் பெரியவை இன்னும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றன. முப்பதை ஒட்டிய எண்ணிக்கையிலான உலைகளும் உள்ளகங்களும் அதே உயரங்களில் தங்கள் நூற்றாண்டுகளைக் கழித்துக்கொண்டிருக்கின்றன.